நாடி சொல்லும் கணக்கு: விளையாட்டு வீரரின் இதயத் திறனை எளிய முறையில் அளப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டும் உடல்நலமும்

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர் நடுத்தூர ஓட்டத்துக்கும் கபடிக்கும் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சியால் அவர்களுடைய இதயத் திறன் உண்மையாகவே கூடுகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்களிடம் ஸ்டாப்வாட்ச் தவிர வேறு கருவி எதுவும் இல்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. ஆய்வுக்கூடத்தில் என்றால் வீரரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, முகத்தில் மூச்சுக் கவசம் பொருத்தி, அவர் உள்வாங்கிப் பயன்படுத்தும் ஆக்ஸிஜன் இனிமேல் கூடாது என்ற உச்சம் வரும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லப்படும் அந்த உச்ச ஆக்ஸிஜன் அளவே இதய நுரையீரல் திறனுக்கு உரைகல். அதற்கான கருவி விலை உயர்ந்தது. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் சோதிக்க முடியும். அது இல்லாத இடத்துக்கென்று உருவான சோதனைகளில் உங்கள் பள்ளிக்குப் பொருந்துவது ஹார்வர்டு படி ஏறும் சோதனை. நம் உடற்கல்விக் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரி உடலியங்கியல் செய்முறை வகுப்புகளிலும் பல காலமாக இருந்துவருவதால், நீங்களே மாணவராக ஒருமுறை இதைச் செய்திருக்கக் கூடும்.

அமெரிக்காவில் 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லூசியன் புரூஹா என்ற உடலியங்கியலாளரும் அவருடைய குழுவினரும் இதை வகுத்து 1943-இல் வெளியிட்டார்கள். 20 அங்குலம், அதாவது ஏறக்குறைய 51 செ.மீ. உயரமுள்ள, ஆடாத மரப்பெட்டியோ திண்ணையோ இருந்தால் போதும். நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்க வேண்டும். ஒரு முறை என்பது ஒரு காலை மேலே வைப்பது, மறு காலையும் வைத்து முழங்கால் மடங்காமல் நிமிர்ந்து நிற்பது, முதல் காலை இறக்குவது, மறு காலை இறக்குவது ஆகிய நான்கு அசைவுகளும் சேர்ந்தது. ஆகவே கைப்பேசியில் உள்ள மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்று வைத்துவிட்டால் தட்டுக்கு ஓர் அசைவாக நடக்கும். சிலர் 30 என்ற எண்ணை அப்படியே மெட்ரோனோமில் வைத்துவிடுகிறார்கள். அப்போது வேகம் நான்கில் ஒரு பங்காகி, எல்லோருமே வெற்றிகரமாக முடித்துவிடுவார்கள்.

மொத்த நேரம் ஐந்து நிமிடம். இடையில் ஒருவரால் தாளத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பதினைந்து விநாடிகள் கடந்தால் அங்கேயே நிறுத்தி, ஏறிய நேரத்தை விநாடிகளில் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய உடனே நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் முடிந்ததிலிருந்து ஒன்றரை நிமிடம் வரையிலும், இரண்டு முதல் இரண்டரை வரையிலும், மூன்று முதல் மூன்றரை வரையிலும் நாடித் துடிப்பை மூன்று தடவை எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் முப்பது விநாடிக் கணக்கு. அதை இரண்டால் பெருக்கக் கூடாது. ஏறிய விநாடிகளை நூறால் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையை இரட்டித்து வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே திறன் குறியீடு.

ஒரு மாணவர் ஐந்து நிமிடமும் ஏறி முடித்தார் என்றும், அவருடைய எண்ணிக்கைகள் 75, 62, 53 என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 190, இரட்டித்தால் 380. முப்பதாயிரத்தை 380-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 79 வரும். நன்கு பயிற்சி பெற்ற இன்னொருவருக்கு 62, 51, 45 என்று இருந்தால் குறியீடு 95-ஐ ஒட்டி அமையும். நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்ட ஒருவருக்கு 82, 74, 64 என்று வந்தால் 54 அல்லது 55 என்ற அளவில் நிற்கும். 90-க்கு மேல் மிகச் சிறப்பு, 80 முதல் 89 வரை நன்று, 65 முதல் 79 வரை சராசரிக்கு மேல், 55 முதல் 64 வரை சராசரிக்குக் கீழ், அதற்கும் குறைந்தால் திறன் போதாது என்பது வழக்கமான தரவரிசை.

முதல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, அதை ஐந்தரையால் பெருக்கி வரும் எண்ணால், ஏறிய விநாடிகளின் நூறு மடங்கை வகுக்கும் சுருக்க வழி ஒன்றும் உண்டு. மேலே சொன்ன 79 பெற்ற மாணவருக்கு அந்த வழியில் 73-தான் வரும். சுருக்க வழிக்கு வேறு தரவரிசை இருக்கிறது. அதில் 50-க்குக் கீழ் குறைவு, 80-க்கு மேல் நன்று. ஒரு முறையில் கணக்கிட்டு மற்றொன்றின் தரவரிசையைப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் குளறுபடி என்பதால், ஆண்டு முழுவதும் நீண்ட வழியையே கையாளுங்கள்.

இந்தத் தரவரிசை அன்றைய அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களைக் கொண்டு அமைந்தது. உங்கள் மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைவிட, ஜூன் மாதத்தில் 68 இருந்தது டிசம்பரில் 76 ஆகியிருக்கிறதா என்பதே உங்கள் கேள்விக்கு விடை. அந்த ஒப்பீடு செல்லுபடியாக வேண்டுமென்றால் அதே பெட்டி, அதே தாளம், அதே காலை நேரம் இருக்க வேண்டும். முந்தைய நாள் கடும் பயிற்சி கூடாது. சோதனைக்கு முன் இரண்டு மணி நேரமாவது உணவும் காபியும் தவிர்க்கப்பட வேண்டும். சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த அளவையும் மார்கழிக் காலையில் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்தால், பயிற்சியின் பலனை அல்ல, பருவநிலையைத்தான் அளந்திருப்பீர்கள். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பப்படுவதால் வெப்பத்தில் துடிப்பு தானாகவே கூடிவிடும்.

கேள்வி: ஓடும்போது இதயம் எவ்வளவு உழைக்கிறது என்பதுதானே முக்கியம்? உழைப்பு முடிந்த பிறகு நாடியை எண்ணுவதில் என்ன தெரியும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: படி ஏறும் ஐந்தாவது நிமிடத்தில் பலருடைய துடிப்பும் 170, 180 என்று நெருக்கமாகவே நிற்கும். உட்கார்ந்த பிறகுதான் வேறுபாடு வெளிப்படத் தொடங்குகிறது. உழைப்பு நின்றதும், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு மீண்டும் தன் பிடியை இறுக்குகிறது. முதல் நிமிடத்தில் காணும் வேகமான இறக்கம் பெரிதும் அதன் வேலை. அதற்குப் பிறகான மெதுவான இறக்கம், ரத்தத்தில் சுற்றும் அட்ரினலின் குறைவதையும், தசைகளில் சேர்ந்த லாக்டேட் கழிவதையும், உடல் சூடு தணிவதையும் பொறுத்தது. உழைப்பின்போது ஒருவர் தன் உச்சத் திறனுக்கு எவ்வளவு அருகில் போனாரோ அந்த அளவுக்கு இவை எல்லாமே நீளும்.

தாங்குதிறன் பயிற்சி பெற்றவரின் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுதல். பயிற்சி இல்லாத இளைஞருக்கு உச்ச உழைப்பில் அது 100 முதல் 120 மில்லிலிட்டர் வரை இருந்தால், நெடுந்தூர ஓட்ட வீரருக்கு 160-ஐயும் தாண்டும். ஆகவே ஒரே படியை ஒரே வேகத்தில் ஏற அவருக்குக் குறைந்த துடிப்புகள் போதும், அவர் உச்சத்திலிருந்து தள்ளியே நின்றிருப்பார், விரைவில் மீள்வார். நாடியின் இறக்கத்தை எண்ணுவதன் மூலம் நாம் மறைமுகமாகப் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான்.

கேள்வி: என் உயரம் ஐந்து அடி ஓர் அங்குலம். என்னுடன் பயிற்சி பெறுபவர் ஆறடி உயரம். இருவருக்கும் 20 அங்குலப் பெட்டிதான். 5,000 மீட்டர் ஓட்டத்தில் நான்தான் எப்போதும் முந்துவேன். ஆனால் படிச் சோதனையில் அவர் என்னைவிட அதிகக் குறியீடு பெறுகிறார். இது நியாயமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நியாயமில்லை, ஆனால் எதிர்பார்க்கக் கூடியது. இந்தச் சோதனை தோற்றத்தில் எளியதே தவிர உழைப்பில் எளியது அல்ல. ஐந்து நிமிடத்தில் 150 முறை, தடவைக்கு 20 அங்குலம் என்று கணக்கிட்டால் மொத்த ஏற்றம் 250 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமோ சுமார் 216 அடிதான். 70 கிலோ எடையுள்ளவர் தன் உடலைத் தூக்குவதற்கு மட்டும் இடையறாமல் 174 வாட் அளவுக்கு வேலை செய்கிறார்; அதற்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 மில்லிலிட்டர். பயிற்சி இல்லாத இளைஞர் பலருக்கு அதுவே உச்சம், அல்லது உச்சத்துக்கும் மேல்.

இப்படிப்பட்ட கடும் வேலையில் கால் நீளம் குறுக்கிடுகிறது. குட்டையானவர் முழங்காலையும் இடுப்பையும் மிகுதியாக மடக்க வேண்டியிருப்பதால், இதயம் களைப்பதற்கு முன் தொடைத் தசை களைத்துவிடுகிறது. உங்கள் குறியீட்டில் பதிவாகியிருப்பது இதயத்தின் நிலை மட்டுமல்ல, தொடையின் களைப்பும்கூட. பெட்டியின் உயரத்தைக் கால் நீளத்துக்கு ஏற்ப மாற்றும் திருத்த முறைகளும், பெண்களுக்கு 16 முதல் 18 அங்குலம் வரையிலான பெட்டிகளும் இதனால்தான் வழக்கத்துக்கு வந்தன. 1972-இல் வெளியான குவீன்ஸ் கல்லூரிச் சோதனை பெட்டியின் உயரத்தை 16.25 அங்குலமாகவும், நேரத்தை மூன்று நிமிடமாகவும், வேகத்தை ஆண்களுக்கு நிமிடத்துக்கு 24 முறை, பெண்களுக்கு 22 முறை என்றும் குறைத்தது. அதில் நிறுத்திய ஐந்தாவது விநாடியிலிருந்து இருபதாவது விநாடி வரை நின்றபடியே நாடியை எண்ணி, நான்கால் பெருக்குவார்கள். ஆண்களுக்கு 111.33-லிருந்து, அந்தத் துடிப்பை 0.42-ஆல் பெருக்கி வந்ததைக் கழித்தால் உச்ச ஆக்ஸிஜன் அளவின் மதிப்பீடு கிடைக்கும். துடிப்பு 144 என்றால் 51-ஐ ஒட்டி வரும். உங்களுக்கு இது மேலும் பொருந்தும். ஓட்டக்காரராகிய உங்கள் திறனுக்கு 5,000 மீட்டர் நேரத்தைவிட நல்ல சான்று எந்தப் பெட்டியிலும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: கபடி அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். எங்கள் சிறந்த ரெய்டருக்குப் படிச் சோதனையில் 62-தான் வருகிறது. ஆட்டத்தில் அவர் களைத்து நான் பார்த்ததில்லை. கிரிக்கெட் வீரர்களுக்கு வைக்கும் யோ-யோ சோதனையை வைத்துப் பார்க்கலாமா?
– பயிற்சியாளர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக வைக்கலாம், உங்கள் விளையாட்டுக்கு அதுவே மேலும் நெருக்கமானது. படி ஏறுவதும் நெடுநேரம் ஓடுவதும் இடைவிடாத ஒரே சீரான உழைப்பு. கபடியிலோ ஒரு ரெய்டு முப்பது விநாடிக்குள் முடிந்துவிடும். பிறகு அடுத்த முறை வரும்வரை ஓரளவு ஓய்வு. பாய்ந்து, திரும்பி, மீண்டும் பாயும் இந்தத் திறனுக்காகவே டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியலாளர் யென்ஸ் பாங்ஸ்போ, முதலில் கால்பந்தை மனத்தில் வைத்து, 1990-களில் யோ-யோ சோதனையை வகுத்தார். 20 மீட்டர் இடைவெளியில் கூம்புகளை வைத்து, ஒலிப்பதிவின் பீப் ஒலிக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு 40 மீட்டருக்கும் பிறகு பத்து விநாடி மெதுநடை. வேகம் படிப்படியாகக் கூடும். இரண்டு முறை கோட்டைத் தவறவிட்டால் சோதனை முடிந்தது.

இதற்கு மூத்தது கனடாவின் லூக் லெஜே 1980-களில் அமைத்த பீப் டெஸ்ட். அதிலும் 20 மீட்டர்தான், மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கி.மீ. வீதம் கூடும், ஆனால் நடுவில் ஓய்வு கிடையாது. அதனினும் எளியது 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம். ஓடிய தூரத்தை மீட்டரில் எடுத்து, 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுத்தால் உச்ச ஆக்ஸிஜன் அளவு ஏறக்குறையத் தெரியும். 200 மீட்டர் மைதானத்தில் பதினான்கு சுற்று ஓடினால் 2,800 மீட்டர். அதற்கு 51 வரும். 1970 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் கால்பந்து அணியின் தயாரிப்பில்கூட இந்த ஓட்டத்துக்கு இடம் இருந்தது. ஆனால் வேகத்தைப் பங்கிட்டு ஓடத் தெரியாதவர் முதல் நான்கு நிமிடத்திலேயே தீர்ந்துபோவார் என்பதால், ஒருமுறை ஒத்திகை பார்க்காமல் வந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

உங்கள் ரெய்டரைப் பற்றி இன்னொன்றையும் கவனியுங்கள். உடல் எடை கூடியவர் படி ஏறும்போது அந்த எடை முழுவதையும் 150 முறை தூக்குகிறார். தசைப்பிடிப்புள்ள கபடி வீரருக்கு அது கூடுதல் சுமை. 62 என்ற எண் அவர் மோசமான ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. இடைவிடாத உழைப்பில் அவருடைய அடித்தளம் இன்னும் பலப்பட இடமிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நாள் ஒன்றுக்கு மூன்று ஆட்டம் ஆட வேண்டிய உள்ளூர்ப் போட்டிகளில் அந்த அடித்தளம் மாலையில் தெரியும்.

சோதனையைக் கொண்டு ஆளைத் தேர்வு செய்வதில் மட்டும் நிதானம் வேண்டும். இந்தியக் கிரிக்கெட் அணி 2017 வாக்கில் யோ-யோவில் 16.1 (அதாவது 16-ஆம் வேகநிலையின் முதல் ஓட்டம்) என்ற தேர்ச்சிக் கோட்டை வைத்தது. 2018-இல் ஐ.பி.எல். தொடரில் சிறப்பாக ஆடிய அம்பதி ராயுடு அந்தக் கோட்டைத் தாண்டாததால் இங்கிலாந்துப் பயணத்தை இழந்தார். பின்னர் 2021-இல் 2 கி.மீ. ஓட்டத்தையும் சேர்த்து, வேகப் பந்துவீச்சாளர்களுக்கு 8 நிமிடம் 15 விநாடி, மற்றவர்களுக்கு 8 நிமிடம் 30 விநாடி என்று நிர்ணயித்தார்கள். பணியின் தன்மைக்கு ஏற்ப வெவ்வேறு அளவு வைத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே கோட்டை எல்லோருக்கும் இழுத்து, அதற்கு ஒரு புள்ளி குறைந்தவரை வீட்டுக்கு அனுப்புவது, சோதனையால் தாங்க முடியாத தீர்ப்பை அதன் தலையில் ஏற்றுவதாகும்.

கேள்வி: என் மகள் பதினாறு வயது ஓட்ட வீராங்கனை. பயிற்சியைத் தவறவிடுவதே இல்லை. ஆனால் கடந்த மூன்று சோதனைகளில் அவளுடைய குறியீடு 81, 74, 66 என்று இறங்கிக்கொண்டே போகிறது. பயிற்சியாளர் இன்னும் கடுமையாக ஓடச் சொல்கிறார். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அம்மா, இன்னும் கடுமையாக ஓட வைப்பதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதியுங்கள். தசைக்கு ஆக்ஸிஜனைக் கொண்டுசெல்வது ஹீமோகுளோபின், அது குறைந்தால் அதே வேலைக்கு இதயம் கூடுதல் தடவை துடிக்க வேண்டும், மீள்வதற்கும் நேரமாகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு மிகுந்திருக்கிறதா, அல்லது மாதவிடாயே தள்ளிப்போகிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கக் கூடும். அண்மையில் வந்த காய்ச்சல், தூக்கக் குறைவு, ஓய்வு நாளே இல்லாத பயிற்சி ஆகியவையும் இப்படி இறக்கும். இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் அளவு சொல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம். பயிற்சியாளரிடம் இந்த மூன்று எண்களையும் எழுதிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பயிற்சியின் கடுமையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாடியைக் கையால் எண்ணுவதற்குப் பதில் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சென்னை

பதில்: மணிக்கட்டில் ஒளிவீசித் துடிப்பை அறியும் கடிகாரங்கள், துடிப்பு வேகமாக மாறும் நேரத்தில் சற்றுப் பின்தங்கியே காட்டும், நமக்குத் தேவைப்படுவதோ அந்த நேரத்து அளவுதான். மார்பில் கட்டும் பட்டை நம்பகமானது. கையால் எண்ணும்போது கட்டைவிரலைப் பயன்படுத்தாமல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வையுங்கள். கழுத்தில் எண்ணினால் அழுத்தாதீர்கள். அங்கே அழுத்தம் பட்டால் இதயம் தானாகவே மெதுவாகி, குறியீடு பொய்யாகக் கூடிவிடும்.

கேள்வி: எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மாஸ்டர்ஸ் தடகளப் போட்டியில் கலந்துகொள்ள மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஹார்வர்டு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?
– ஓய்வுபெற்ற காவலர், சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. மேலே சொன்னபடி அது உச்சத்தை ஒட்டிய உழைப்பு, இளைஞர்களுக்காக அமைந்தது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். தேவை என்று அவர் கருதினால் ஈ.சி.ஜி. எடுத்தபடியே டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பரிசோதிப்பார். மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று சொல்லும் அந்தச் சோதனையின் முதல் நோக்கம், உழைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பது. உங்கள் உடற்திறனைப் பற்றிய குறிப்பும் அதிலேயே கிடைத்துவிடும். உழைப்பு முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இறக்கம் 12 அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களிடம் பின்னாளில் இறப்பு விகிதம் கூடுதலாகக் காணப்பட்டது. அது மருத்துவப் பரிசோதனைக்கென வந்த பெரியவர்களைப் பற்றிய ஆய்வு என்பதால், மைதானத்தில் உள்ள பிள்ளைகளின் நாடிக்கு அதே எண்ணைப் பொருத்திப் பயப்பட வேண்டியதில்லை.

உங்கள் மாத்திரை எந்த வகை என்பதும் முக்கியம். மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் துடிப்பையே குறைத்து வைக்கும். அவற்றை எடுத்துக்கொள்பவரின் நாடியைக் கொண்டு கணக்கிடும் எந்தக் குறியீடும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அதற்காகச் சோதனை நாளில் மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவர் அனுமதித்தபின், சமதளத்தில் 1.6 கி.மீ. தூரத்தை இயன்ற வேகத்தில் நடந்து, எடுத்த நேரத்தை மட்டும் மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.